சமூகப் பணிக்கு நல்ல மனசு மட்டும் போதாதா?

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி 2024

எங்கள் ஊரில் ஒரு அண்ணன் இருக்கிறார். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். இருபது வருஷமாக ரத்தம் ஏற்பாடு செய்கிறார், யாரும் கேட்டு வராத உடல்களை எடுத்து அடக்கம் செய்கிறார். என் தங்கை சமூகப் பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்து வேலைக்குப் போய் ஒரு மாதம்தான் ஆகிறது, வீட்டுக்கு வந்தால் 'தொழில் அறம்', 'எல்லை', 'ரகசியம்' என்று பேசுகிறாள். சேவை செய்ய எதுக்கு விதிமுறை? நல்ல மனசு இருந்தா போதாதா?

4 பிப்ரவரி, இரவு

போதாது. நல்ல மனசோடுதான் நான் ஒரு பெண்ணுக்குப் பெரிய தவறு செய்தேன்.

அந்த அண்ணனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் வேலையும் உங்கள் தங்கையின் வேலையும் வேறு. தங்கையிடம் வந்து உட்காருபவர் பெற்ற தாயிடமும் சொல்லாததைச் சொல்வார். அதைக் கேட்ட பிறகு என்ன செய்வது என்று மனசு சொல்லித் தராது. நாளை விரிவாக எழுதுகிறேன், இன்று களத்திலிருந்து வரவே ஒன்பதரை ஆகிவிட்டது.

5 பிப்ரவரி

2011ல் மேற்கு மாவட்டம் ஒன்றில், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலராக) இருந்தேன். வெளியூர்க்காரர்களுக்காக: எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசி அனுப்பும் இடம் அது. இனி சொல்வதில் ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். போர்வெல் ரிக் வண்டியில் வேலை, வருஷத்தில் எட்டு மாதம் வெளி மாநிலத்தில். ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எடுத்ததில் பாசிட்டிவ். முடிவைக் கேட்க என் எதிரில் உட்கார்ந்தவர் கையிலிருந்த ஓ.பி. சீட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தார், பீடி கனத்துக்குச் சுருண்டுவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டார்: "யார்கிட்டயும் சொல்லிப்போட மாட்டீங்கல்லங்க?"

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன்.

பயந்து போன மனிதர், அவரை நிதானப்படுத்த வேண்டும் என்ற எண்ணம்தான். பயிற்சியில் 'ரகசியம் காக்கப்படும், ஆனால் இன்னின்ன விஷயத்தில் நாம் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கும்' என்று சொல்லத்தான் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த 'ஆனால்' அந்த நேரத்தில் எனக்கு இரக்கமில்லாததாகப் பட்டது, விட்டுவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து அவர் மனைவி வந்தார். கணவனைத் தேடி இல்லை, மூன்றாம் மாதக் கர்ப்பம், அதற்கான பரிசோதனை. கர்ப்பிணிகள் எல்லோரையும் எங்கள் அறைக்கு அனுப்புவார்கள். அட்டையில் கணவர் பெயரையும் ஊரையும் பார்த்ததும் கை நின்றுவிட்டது. முடிவு நெகட்டிவ். "எதுவும் இல்லைங்களா?" என்று சிரித்தார். நான் 'விண்டோ பீரியட்' பற்றி, அதாவது தொற்று இருந்தும் பரிசோதனையில் தெரியாத முதல் சில வாரங்கள் பற்றி எல்லோருக்கும் சொல்லும் பாடத்தைச் சொல்லி, மூன்று மாதம் கழித்துக் கட்டாயம் வரச் சொன்னேன், ஆணுறை பற்றியும் சொன்னேன். கர்ப்பமாக இருக்கும்போது அது எதற்கு என்று அவர் முகம் கேட்டது. பதில் என்னிடம் இருந்தது, சொல்லவில்லை. அன்றைக்கு மருந்து நிலவரமும் வேறு. ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் (சிடி4) எண்ணிக்கை குறைந்தால்தான் மாத்திரை. பாசிட்டிவ் என்று தெரிந்த எல்லோருக்கும் மாத்திரை என்று ஆனது 2017ல்தான். கணவருக்கு அப்போது மாத்திரை தொடங்கவில்லை, ஆக ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்ணுக்கு ஆபத்துதான்.

கணவரை மூன்று முறை வரவழைத்துப் பேசினேன். மூன்றாவது முறை மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து, என் அறையிலேயே, மேஜை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெண் அழவில்லை, கணவனைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க மேடம், அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கு வந்தார், நான் இல்லாத நாளாகப் பார்த்து வந்து லேப் டெக்னீசியன் அக்காவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார். அவருக்கும் குழந்தைக்கும் கடைசி வரை நெகட்டிவ்தான், அது வேறு விஷயம். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள், ஒருவருக்கு நான் கொடுத்த சத்தியத்தின் விலையை இன்னொருவர் கொடுத்தார்.

6 பிப்ரவரி

ஒரு திருத்தம். மூன்று முறை பேசினேன் என்று எழுதியது சரிதான், ஆனால் ஏதோ விடாமல் பின்னால் நின்று பேசியதுபோல் படிக்கத் தோன்றுகிறது. முதல் முறைக்கும் இரண்டாவது முறைக்கும் நடுவில் ஐந்து வாரம். அவர் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டார், போன் எடுக்கவில்லை. அந்த ஐந்து வாரமும் நான் மேலதிகாரியிடம் போகவில்லை, எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் இருந்த மூத்த ஆற்றுப்படுத்துநரிடமும் கேட்கவில்லை. சத்தியம் செய்துவிட்டோமே, இன்னொருவரிடம் கேட்டால்கூட அதை மீறியதாகிவிடுமே என்ற நினைப்பு. பெயர் சொல்லாமல் மூத்தவரிடம் ஆலோசனை கேட்பது ரகசியத்தை மீறுவதாகாது. இதை யாராவது எனக்கு முதல் வாரத்திலேயே தலையில் குட்டிச் சொல்லியிருக்கலாம்.

9 பிப்ரவரி

"அப்போ நேராக அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு சுலபம் இல்லை.

2011ல் எங்களுக்கு எழுத்தில் இருந்த வழி மங்கலானது. 1998ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மணமகனுக்கு எச்.ஐ.வி. இருப்பதை மருத்துவமனை வெளியே சொன்னதால் திருமணம் நின்றபோது, அது தவறில்லை, மணக்கப்போகும் பெண்ணின் உயிர் முக்கியம் என்றது. அதே தீர்ப்பில் பாசிட்டிவானவர்களின் திருமண உரிமை பற்றியும் கடுமையாகச் சொல்லிவிட்டது, அந்தப் பகுதி தேவையற்றது என்று 2002ல் அதே நீதிமன்றம் ஒதுக்கியது. அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கு இதிலிருந்து என்ன கிடைக்கும்?

பிறகு வந்த எச்.ஐ.வி. சட்டம் (2017ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது) இதைப் படிப்படியாகச் சொல்கிறது. துணைவரிடம் மருத்துவரோ ஆற்றுப்படுத்துநரோ மட்டும்தான் சொல்லலாம். அதற்கும் முன்னால் நாலு விஷயம் நடந்திருக்க வேண்டும்: துணைவருக்கு உண்மையிலேயே பெரிய ஆபத்து இருக்கிறது என்று நம்பக் காரணம் வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்று அவரிடம் பேசியிருக்க வேண்டும், அவர் சொல்லப்போவதில்லை என்பது உறுதியாக வேண்டும், 'நான் சொல்லப்போகிறேன்' என்று அவரிடமே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம்தான் துணைவரை நேரில் உட்கார வைத்து, பேசி, சொல்ல வேண்டும். போனில் இல்லை, கடிதத்தில் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அதில் உள்ள விலக்கு. பாசிட்டிவாக இருப்பது பெண் என்றால், கணவனிடம் சொல்வதால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள், அவருக்கோ குழந்தைக்கோ கெடுதல் வரும் என்று அஞ்சக் காரணம் இருந்தால், சொல்லவே கூடாது. கர்ப்பிணிப் பரிசோதனையில் முதலில் தெரிய வருவது பெண்ணுக்குத்தான், 'இவள்தான் கொண்டு வந்தாள்' என்று மாமியார் வீடு முடிவு கட்டுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம். இந்த விலக்கை எழுதியவர்கள் களத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்று படித்த அன்றே தோன்றியது.

இப்போது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பாருங்கள். 2012ல் வந்த அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எச்.ஐ.வி. சட்டத்தில் 'சொல்லலாம்', போக்சோவில் 'சொல்ல வேண்டும்'. எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் குழந்தைகளிடமும் பேசும் இரண்டு வேலையும் செய்தவள் நான், ஒரே மேஜை, ஒரே நாற்காலி. 'லாம்' இருக்கும் இடத்தில் முடிவெடுப்பது என் பாரம். 'வேண்டும்' இருக்கும் இடத்தில் என் பாரம் வேறு, அதை அந்தக் குழந்தை வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கதையெல்லாம் கேட்டு, தலையைத் தடவி, அப்புறம் "நான் போலீசுக்குச் சொல்லணும்மா" என்றால் அது ஏமாற்று.

10 பிப்ரவரி

'பதினாறு, பதினேழு வயதில் விரும்பிப் பழகிய பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை என்று தீர்ப்பே வந்துவிட்டதே' என்று ஒருவர். பாதி சரி. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது கருக்கலைப்பு செய்யும் மருத்துவர்களைப் பற்றி: சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் சிறுமியின் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 2023ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதையே எடுத்துச் சொன்னது. தகவலே தர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது மருத்துவருக்குச் சொன்னது, நமக்கு நாமே அதை நீட்டிக்கொள்ள முடியாது.

இந்த வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் மாற வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து. பதினேழு வயதுப் பையன் ஒருவன், வழக்கில் சிக்கிய சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டாளா என்று என்னிடம் கேட்டதை நான் மறக்கவில்லை. ஆனால் என் கருத்தை வைத்துக்கொண்டு ஒரு வழக்கில் சொல்லி இன்னொரு வழக்கில் சொல்லாமல் இருந்தால், நாளைக்கு உண்மையான கொடுமைக்காரனையும் 'காதல்' என்று விட்டுவிடுவேன். அந்த வித்தியாசம் முதல் நாளே எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்த காலம் உண்டு.

17 பிப்ரவரி

வேறு பக்கம் போகிறேன், யாரோ 'பொய் சொல்லலாமா' என்று கேட்டதால்.

நம்பிக்கை மையத்துக்கு வருபவர்கள் நேராக உள்ளே வர மாட்டார்கள். எங்கள் வாசலுக்கு எதிரில் ஒரு புங்கமரம், அதன் அடியில் நின்று தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவார்கள். அதற்குச் சில வருஷம் முன்பு புள்ளிராஜா என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அதனால் நோயின் பெயர் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கூச்சம் மட்டும் அப்படியே இருந்தது. மாத்திரை வாங்க வராதவர்களைத் தேடி வீட்டுக்குப் போவோம். தெருவில் இறங்கியதும் முதல் வீட்டு அம்மா "யாரைப் பாக்கணும், எங்கிருந்து வர்றீங்க?" என்பார். உண்மையைச் சொன்னால் அந்தக் குடும்பம் தெருவில் தலைகாட்ட முடியாது. நாங்கள் சுயஉதவிக் குழு லோன் விஷயம் என்போம்.

ஒருமுறை அது திரும்பி அடித்தது. லோன்காரர்கள் வீடு தேடி வந்துவிட்டார்கள், இவள் யாருக்கும் தெரியாமல் கடன் வாங்கியிருக்கிறாள் என்று ஒரு பெண்ணை அவள் கொழுந்தனார் கைநீட்டிவிட்டார். என் பொய், அவள் கன்னம். அப்புறம்தான் முதல் சந்திப்பிலேயே கேட்க ஆரம்பித்தேன்: "நான் உங்க வீட்டுக்கு வரலாமா? வந்தா யாருன்னு சொல்லட்டும்?" ஒருவர் 'டெய்லர் அக்கா' என்று சொல்லச் சொன்னார், இன்னொருவர் 'ஸ்கூல் டீச்சர்'. ஒரு பாட்டி "என் பேத்தி மாதிரின்னு சொல்லு, வந்து சோறு தின்னுட்டுப் போ" என்றார், அப்படியே செய்தேன். இப்போதும் அது பொய்தான், ஆனால் அதை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்குமேல் சுத்தமான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

18 பிப்ரவரி

அன்பளிப்பு பற்றி. தங்கைக்குக் கைக்குட்டையும் வளையலும் கொடுத்தார்களாம், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாள். பணம் வேண்டவே வேண்டாம். மற்றது ஆளைப் பொறுத்து. ஒரு அம்மா தன் காட்டில் விளைந்த நிலக்கடலையை மஞ்சப்பையில் ஒரு படி கொண்டு வந்தார், மண் கூடப் போகவில்லை. வேண்டாம் என்றேன். "எங்க கையால வாங்கித் திங்க மாட்டீங்களாக்கும்" என்றார். அந்த நோய் இருப்பவர் அதைச் சொன்னால் அர்த்தமே வேறு. அங்கேயே உடைத்து இரண்டு பேரும் தின்றோம், மீதியை அறையில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் அதையும் ஒரு வரி எழுதி வைத்தேன். மறைக்க வேண்டிய எதையும் வாங்காதே, அவ்வளவுதான் தங்கைக்கு நான் சொல்வது.

2 மார்ச்

அடையாளம் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு வாரமாகத் தள்ளிப் போட்டேன்.

1936ல் பம்பாயில் டாடா அறக்கட்டளை தொடங்கிய பள்ளிதான் இந்தியாவில் சமூகப் பணிக்கான முதல் படிப்பு. சென்னையில் 1952ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கினார். அவரே முன்பு தொண்டு செய்து வந்தவர்தான், தொண்டு மட்டும் போதாது என்று பட்டதால்தான் பள்ளி தொடங்கினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷம் ஆகியும் வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல் நமக்கென்று ஒன்று எழவில்லை. 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் குழந்தைகள் பாதுகாப்பில், கிராமத்தில், குடிசைப் பகுதியில் வேலை செய்பவர்கள்? யார் வேண்டுமானாலும் அட்டை அடித்து 'சமூக சேவகர்' என்று போட்டுக்கொள்ளலாம். தவறு செய்தால் பாதிக்கப்பட்டவர் போய் முறையிட ஒரு வாசல் இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறை. அந்தப் பெண் என்மீது புகார் சொல்ல விரும்பியிருந்தால் எங்கே போயிருப்பார்?

இதோடு தொகுப்பூதியம், வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிப்பது. மாத இலக்கு இத்தனை பரிசோதனை என்று மேலே இருந்து போன் வரும்போது ஒருவரிடம் நாற்பது நிமிஷம் பேச மனசு வந்தாலும் கடிகாரம் விடாது. அறத்தை நாங்கள் மட்டும் சுமந்தால் போதாது, சம்பளம் போடுபவர்களும் சுமக்க வேண்டும்.

3 மார்ச்

முதல் நாள் பதிலை மறுபடி படித்தேன். அந்த அண்ணன் வேலை வேறு என்று ஒரே வரியில் ஒதுக்கியிருக்கிறேன், அது சரியில்லை. கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார்: அண்ணன் அடக்கம் செய்யும்போது யாரையும் போட்டோ எடுக்க விடுவதில்லையாம், முகத்தை மூடிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவாராம். இறந்தவரிடம் இனி யார் அனுமதி கேட்பது என்பாராம். அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிழவியைப் பேனருக்காக மூன்று தடவை திரும்பி நிற்க வைத்த நிறுவனத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன், படித்தவர்கள் நிறைந்த நிறுவனம். அந்த அண்ணனுக்கு விதிமுறை இருக்கிறது, அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. முடிந்தால் தங்கையை ஒருநாள் அவரோடு அனுப்புங்கள்.

21 மார்ச்

"முதல்லயே ரகசியத்துக்கு எல்லை இருக்குன்னு சொன்னா பிள்ளைங்க பேசவே மாட்டாங்களே" என்ற கேள்வி நாலு பேரிடமிருந்து. நியாயமான பயம். நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளி ஒன்றில் பதினைந்து வயதுப் பெண், வகுப்பாசிரியை அனுப்பி வந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து, "ஒண்ணுமில்ல மிஸ், தலைவலிதான்" என்று எழுந்து போய்விட்டாள். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான் செய்தது சரியா என்று தூக்கமில்லை. ஆசிரியையிடம் அவளைக் கவனித்துக்கொள்ளச் சொன்னேன், குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணை வகுப்பு முழுவதற்கும் பலகையில் எழுதிப் போடச் சொன்னேன், வேறு எதுவும் கையில் இல்லை. பத்தாம் நாள் அவள் பாட்டியோடு வந்தாள். யாரைக் கூட்டிக்கொண்டு வருவது, எங்கே தங்குவது, அம்மாவிடம் யார் சொல்வது எல்லாவற்றையும் அவளே யோசித்து முடித்துவிட்டு வந்திருந்தாள். போலீஸ் என்றதும் பாட்டிதான் நடுங்கினார், அவள் நடுங்கவில்லை.

இன்னொருத்தி அதேபோல் எழுந்து போனாள், திரும்பி வரவே இல்லை, அடுத்த வருஷம் பள்ளியும் மாறிவிட்டாள். அதையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு முழுசாகச் சொன்னதாகாது.

22 மார்ச்

பிள்ளைகளிடம் முதலிலேயே என்ன சொல்வேன் என்று, தங்கைக்காக அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்வது இதுதான், மாற்றிக்கொள்ளலாம்:

"நீ சொல்றதை நான் ஊர்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா ஒரு விஷயம் இருக்கு. யாராவது உன்னைத் தொடக்கூடாத மாதிரி தொட்டிருந்தாலோ, அப்படி ஏதாவது செஞ்சிருந்தாலோ, நான் போலீசுக்குச் சொல்லியே ஆகணும், அது சட்டம். அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். அவங்க காக்கிச் சட்டை போடாம, உன் வீட்டுக்கோ நீ சொல்ற இடத்துக்கோ வந்து பேசணும், ராத்திரி ஸ்டேஷன்ல உன்னை வைக்கக் கூடாது. இப்ப எவ்வளவு சொல்லணும்னு நீ யோசிச்சுக்கோ. அவசரமில்ல."

ஒரு திருத்தம் மட்டும்: அச்சடித்த படிவங்களில் 'காவல்துறை' என்று இருக்கும், அதைப் படித்துக் காட்டாதீர்கள். 'போலீஸ்' என்றே சொல்லுங்கள். 'காவல்' என்றால் தனக்குக் காவல் போடப் போகிறார்கள் என்று ஒரு பிள்ளை புரிந்துகொண்டாள், அதை நான் கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஆனது.